‘தேங்க் யூ’வில் எழுவாய் யார்?

சில வருடங்களுக்கு முன் ஒரு செயலியைத் தமிழாக்கும் வேலை வந்தது. செயலியைக் கண்ணில் காட்டவில்லை, ஓர் எக்செல் கோப்பை மட்டும் அனுப்பினார்கள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் காலி. ‘சேவ்’, ‘ப்ரின்ட்’, ‘டெலீட்’, ‘என்டர் யுவர் நேம்’, ‘செலக்ட் எ டேட்’, ‘ரிமெம்பர் மீ’ என்று சுமார் 400 வரிகள். பெரும்பாலும் கட்டளை வாக்கியங்கள். கட்டளை என்றால் எழுவாய் ‘யூ’. ‘யூ’ என்றால் செயலியைப் பயன்படுத்துபவர். அவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும். இப்படி ஒரே மூச்சில் முடிவுசெய்து எல்லாவற்றுக்கும் ‘-வும்’ போட்டேன். சேமிக்கவும், அச்சிடவும், நீக்கவும், பெயரை உள்ளிடவும், தேதியைத் தேர்ந்தெடுக்கவும், என்னை நினைவில் கொள்ளவும். இரண்டே நாளில் வேலை முடிந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கோப்பு திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் மஞ்சளாக இருந்தது. சரிபார்த்தவர் எழுதியிருந்த குறிப்பு ஒன்றே ஒன்றுதான்: “இந்த வரிகளில் யார் யாரிடம் பேசுகிறார்கள்?”

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ‘என்டர் யுவர் நேம்’ என்பதைச் சொல்வது திரை. அதைக் கேட்பவர் பயனர். அங்கே ஒளிந்திருக்கும் ‘யூ’ பயனர்தான், ‘பெயரை உள்ளிடவும்’ சரி. ஆனால் ‘சேவ்’ என்று எழுதிய பொத்தானை அழுத்துவது பயனர். அவர்தான் இயந்திரத்தைப் பார்த்து ‘சேமி’ என்கிறார். அங்கே ‘யூ’ இயந்திரம். இயந்திரத்துக்கு எதற்கு ‘-வும்’? சேமி, அச்சிடு, நீக்கு. அவ்வளவுதான். இரண்டுமே கட்டளை, இரண்டிலும் எழுவாய் ‘யூ’, ஆனால் அந்த ‘யூ’ ஒரே ஆள் இல்லை. பள்ளியில் ‘கட்டளை வாக்கியத்தின் எழுவாய் யூ’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு, அந்த ‘யூ’ யார் என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

பள்ளி நாளையும் சொல்லிவிடுகிறேன். ‘சிட் டவுன்’ என்று கரும்பலகையில் எழுதி, எழுவாய் எது என்று ஆசிரியர் கேட்டார். இருப்பதே இரண்டு சொல். முதலில் நிற்பதுதானே எழுவாய் என்று ‘சிட்’ என்றேன். அடுத்தவள் ‘டவுன்’ என்றாள். இரண்டும் இல்லை, ‘யூ’ என்றார். இல்லாத சொல் எப்படி எழுவாயாகும் என்று கேட்டதற்கு, “அது அண்டர்ஸ்டுட்” என்று பதில் வந்தது. எனக்கு அண்டர்ஸ்டாண்ட் ஆகவில்லை. ஆனால் பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது.

இத்தனைக்கும் தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நமக்குத் தண்ணீர்பட்ட பாடு. ‘வந்தேன்’ என்றால் நான், ‘வந்தாய்’ என்றால் நீ. வினையின் வாலைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். தோன்றா எழுவாய் என்று இதற்கு இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. ஆங்கில வினைக்கு, நிகழ்காலத்தில் வரும் ஒரு ‘எஸ்’ஸைத் தவிர, அப்படிப்பட்ட வால் கிடையாது. ‘கேம்’ என்று மட்டும் சொன்னால் வந்தது நானா, நீயா, அவர்களா என்று தெரியாது. அதனால்தான் ஆங்கிலம் எங்கேயும் எழுவாயைக் கறாராகக் கேட்கிறது. மழை பெய்கிறது என்று சொல்லக்கூட ‘இட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறது. இவ்வளவு கறாரான மொழி கட்டளையில் மட்டும் எழுவாயைத் தாராளமாக விட்டுவிடுகிறது. கட்டளையை எதிரில் இருப்பவரிடம்தான் சொல்ல முடியும், வேறு யாராகவும் இருக்க வழியில்லை என்பதுதான் காரணம்.

ஆனால் ஒன்று. தமிழ் ஏவலில் ‘வா’ என்றால் நீ, ‘வாருங்கள்’ என்றால் நீங்கள். ஒளிந்திருப்பவர் ஒருவரா பலரா, மரியாதைக்குரியவரா என்பதெல்லாம் வினையிலேயே தெரிகிறது. ஆங்கிலத்தின் ‘கம்’ எதையும் காட்டிக்கொடுக்காது. நாயையும் அப்படிக் கூப்பிடலாம், நூறு பேர் கூட்டத்தையும் அப்படிக் கூப்பிடலாம். அதனால் ஆங்கிலக் கட்டளையைத் தமிழாக்குபவர் அந்த ‘யூ’ யார் என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். ஆங்கிலம் மறைத்ததைத் தமிழ் மறைக்க விடாது.

ஒளிந்திருக்கும் எழுவாய் தடயம் விட்டுவிட்டுத்தான் போகும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அக்கா மகள். வீட்டுப்பாடத்தோடு வந்தவளுக்குக் கட்டளை வாக்கியத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகத் தலையாட்டியவள் திடீரென்று, “சித்தி, அப்போ ‘தேங்க் யூ’லயும் எழுவாய் ‘யூ’தானா? அங்க ‘யூ’ வெளியவே நிக்குதே” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ‘இருடி, வர்றேன்’ என்று சமாளித்துவிட்டு அன்று இரவு முழுக்க யோசித்தேன். விடை கிடைத்த வழி இதுதான். ஆங்கிலத்தில் ஒருவர் தன்மேலேயே ஒரு செயலைச் செய்துகொண்டால் செயப்படுபொருள் ‘செல்ஃப்’ வடிவத்தில் வரும். ‘ஐ ஹர்ட் மைசெல்ஃப்’, ‘ஷீ ஹர்ட் ஹர்செல்ஃப்’. கட்டளையில் என்ன வருகிறது? ‘பிஹேவ் யுவர்செல்ஃப்’, ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’. அங்கே ‘ஹிம்செல்ஃப்’ வராது, ‘மைசெல்ஃப்’பும் வராது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாமல் முன்னால் நிற்பது ‘யூ’வாகத்தான் இருக்க வேண்டும். ‘அண்டர்ஸ்டுட்’ என்று ஆசிரியர் சொன்னதற்குச் சாட்சி இது.

இதையே ‘தேங்க் யூ’வில் வைத்துப் பார்த்தேன். எழுவாய் ‘யூ’ என்றால் அது ‘தேங்க் யுவர்செல்ஃப்’ என்றல்லவா இருக்க வேண்டும்? அப்படிச் சொன்னால் ‘உனக்கு நீயே நன்றி சொல்லிக்கொள்’ என்று பொருள் மாறிவிடும். ஆகவே ‘தேங்க் யூ’வில் ஒளிந்திருப்பது ‘யூ’ இல்லை, ‘ஐ’. ‘ஐ தேங்க் யூ’ சுருங்கித்தான் ‘தேங்க் யூ’ ஆனது. வெளியே நிற்கும் ‘யூ’ செயப்படுபொருள். பார்க்கக் கட்டளை மாதிரி இருந்தாலும் அது கட்டளையே இல்லை. தும்மினால் சொல்லும் ‘ப்ளெஸ் யூ’வும் இதே கதைதான். அங்கே ஒளிந்திருப்பவர் கடவுள். ‘காட் ப்ளெஸ் யூ’ என்று முழுசாகச் சொல்லும்போது வினை ‘ப்ளெஸ்ஸஸ்’ ஆகாமல் ‘ப்ளெஸ்’ என்றே நிற்பதைக் கவனியுங்கள். அது வாழ்த்து, நம்முடைய ‘வாழ்க’, ‘வருக’ போன்ற வியங்கோள் வகை. மறுநாள் அவளிடம் சொன்னபோது, “அப்போ ‘எக்ஸ்க்யூஸ் மீ’?” என்றாள். அதில் மன்னிக்க வேண்டியவர் எதிராளி, ‘மீ’ நான், எழுவாய் ‘யூ’. சரியான கட்டளை. ஒரு செல்ஃபை வைத்து இவ்வளவையும் பிரிக்கலாம் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே குஷி.

அந்த எக்செல் கோப்பிலும் இதே தடயம் இருந்திருக்கிறது. ‘என்டர் யுவர் நேம்’ என்பதில் ‘யுவர்’ பயனரைக் குறிக்கிறது, அப்படியானால் கேட்பவர் பயனர். ‘ரிமெம்பர் மீ’யில் பயனரே ‘மீ’ ஆகிவிட்டார். அப்படியானால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இயந்திரம். ‘என்னை நினைவில் கொள்’. பிரதிப்பெயர்களைப் பார்த்திருந்தாலே பாதி மஞ்சள் குறைந்திருக்கும். ஆங்கிலம் எழுதுபவர்களும் எப்போதும் ஒழுங்கில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில பொத்தான்களிலேயே ‘கிரியேட் யுவர் அக்கவுண்ட்’ என்று இருக்கும். பொத்தான்தான், ஆனால் பேசுவது திரை. அந்த மாதிரி இடத்தில் திரையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு தடயம் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் குட்டிக் கேள்வி. ‘ஓப்பன் த டோர், வில் யூ?’ என்று கேட்பார்கள், ‘வில் ஹீ?’ என்று கேட்க முடியாது. ‘லெட்ஸ் கோ’வுக்கு மட்டும் ‘ஷல் வீ?’ வரும். இதில் நான் அடிபட்ட கதை தனி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘ஏதாவது சந்தேகம் இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள்’ என்று முடிக்க நினைத்து ‘லெட்ஸ் நோ’ என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். ‘லெட் அஸ்’ஸின் சுருக்கம்தானே ‘லெட்ஸ்’ என்ற கணக்கு. ஒரு மாதம் கழித்து மேலே இருந்தவர் கூப்பிட்டு, “நாமெல்லாரும் சேர்ந்து தெரிஞ்சுக்குவோம்னு எழுதியிருக்கே” என்று சிரித்தார். ‘லெட் அஸ் நோ’ என்பதில் எழுவாய் ‘யூ’. நீங்கள் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று பொருள். அந்த ‘அஸ்’ஸுக்குள் கேட்பவர் கிடையாது. ‘லெட்ஸ் கோ’வில் கேட்பவரும் உள்ளே. நாம் போகலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வீ’, ஒரே ‘அஸ்’. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. இந்த வித்தியாசம் பிறந்ததிலிருந்து நம் நாக்கில் இருக்கிறது. ஆகவே நான் கண்டுபிடித்த வழி இது: முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். ‘நாம்’ வந்தால் ‘லெட்ஸ்’ போடலாம். ‘எங்களை’, ‘எங்களுக்கு’ வந்தால் சுருக்கக் கூடாது. கடத்தியவனிடம் ‘லெட் அஸ் கோ’ என்று கெஞ்சினால் எங்களை விட்டுவிடு என்று பொருள். ‘லெட்ஸ் கோ’ என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள்.

‘லெட் ஹிம் கம்’ வேறு மாதிரி. இலக்கணப்படி எழுவாய் ‘யூ’தான், ஆனால் நிறைய இடங்களில் யாரிடமும் அனுமதி கேட்பதாகவே இருக்காது. ‘அவன் வரட்டும்’ என்பதுதான் அதன் உணர்வு. தமிழில் ‘அட்டும்’ போட்டால் அவனே எழுவாயாகிவிடுகிறான், ஒளிந்திருப்பவர் யாரும் இல்லை. இங்கே ‘அவனை வர விடு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது.

எழுவாய் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு காலத்தில் எனக்கு இன்னொரு கிறுக்குப் பிடித்தது. விட்டுப்போனதைச் சேர்த்து எழுதினால்தானே வாக்கியம் முழுமை? அதனால் ‘யூ சென்ட் மீ த ஃபைல்’, ‘யூ செக் திஸ் டுடே’ என்று மின்னஞ்சல்களில் எழுத ஆரம்பித்தேன். எதிர்முனையில் இருந்தவர் நாலாவது அஞ்சலுக்குப் பிறகு, ‘நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?’ என்று கேட்டு எழுதினார். ஆங்கிலக் கட்டளையில் ‘யூ’வை வெளியே இழுத்து வைத்தால், விரலை நீட்டிப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதட்டுவதற்கோ, ‘யூ வெய்ட் ஹியர், ஐ வில் கோ’ என்று இரண்டு பேரைப் பிரித்துச் சொல்வதற்கோதான் அது தேவை. தமிழில் நேர்மாறு. ‘நீங்க உட்காருங்க’ என்று சொல்வதில் அன்புதான் இருக்கிறது. அந்த அன்பை நான் அப்படியே ஆங்கிலத்தில் ஏற்ற, அங்கே போய் அது அதட்டலாக இறங்கியிருக்கிறது.

‘டோன்ட் யூ வொரி’ என்பதும் என்னைக் குழப்பியிருக்கிறது. கேள்வி என்று நினைத்து ‘யெஸ், ஐ வொரி’ என்று பதில் சொல்லியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அதுவும் எழுவாய் வெளியே வந்த கட்டளைதான், ஆனால் ஆறுதலாகச் சொல்வது. கேள்வியா கட்டளையா என்பதைக் குரலின் ஏற்ற இறக்கமும், எழுத்தில் கேள்விக்குறியும்தான் சொல்லும்.

பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தையும் நான் எழுவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ‘ராணி, க்ளோஸ் த டோர்’ என்பதில் ராணி விளி. காற்புள்ளி அவளை வாக்கியத்திலிருந்து தள்ளி நிறுத்துகிறது. எழுவாய் அப்போதும் உள்ளே ஒளிந்திருக்கும் ‘யூ’தான். அந்தக் காற்புள்ளியை எடுத்துவிட்டு வினையோடு ‘எஸ்’ சேர்த்தால், ராணி கதவைச் சாத்துகிறாள் என்ற செய்தியாகிவிடும். ஆனால் ‘எவ்ரிபடி சிட் டவுன்’, ‘சம்படி கால் எ டாக்டர்’, ‘நோபடி மூவ்’ ஆகியவற்றில் காற்புள்ளி இல்லை. எழுவாய் வெளியிலேயே நிற்கிறது. வழக்கமாக ‘எவ்ரிபடி’க்கு ‘சிட்ஸ்’ வர வேண்டும். இங்கே ‘எஸ்’ வராது. ‘நோபடி மூவ்ஸ்’ என்றால் யாரும் நகர்வதில்லை என்ற தகவல், ‘நோபடி மூவ்’ என்றால் யாரும் நகரக் கூடாது என்ற கட்டளை. ஒரு ‘எஸ்’ஸில் ஆபத்தே மாறிவிடுகிறது. நான் ஒரு பயிற்சி வகுப்பில் ‘எவ்ரிபடி ஓப்பன்ஸ் யுவர் புக்’ என்று சொல்லி, யாரும் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

காரணம், கட்டளையில் வருவது வினையின் அடிவடிவம். காலம் கிடையாது, ஆளுக்கு ஏற்ற மாற்றமும் கிடையாது. இது மற்ற வினைகளில் கண்ணுக்குத் தெரியாது. ‘யூ சிட்’ என்றாலும் ‘சிட்’, கட்டளையிலும் ‘சிட்’. மாட்டிக்கொள்வது ‘பி’ மட்டும்தான். ‘யூ ஆர் கேர்ஃபுல்’ என்பதிலிருந்து ‘யூ’வை எடுத்தால் ‘ஆர் கேர்ஃபுல்’ என்றல்லவா நிற்க வேண்டும்? ஆனால் ‘பி கேர்ஃபுல்’ என்கிறார்கள். அதனால் சாதாரண வாக்கியத்திலிருந்து ‘யூ’வைக் கிள்ளி எறிந்தால் கட்டளை கிடைத்துவிடும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நம்பாதீர்கள். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த ‘யூ’ எப்போதும் ஒளிந்தே இருந்ததும் இல்லை. பழைய ஆங்கிலக் கட்டளைகளில் அது வினைக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்கலாம். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘கோ யீ’ என்று வரும். ‘தௌ’ ஒருவருக்கு, ‘யீ’ பலருக்கு, கிட்டத்தட்ட நம் நீ, நீங்கள் போல. அந்தப் பிரிவு போனதோடு யாருக்குச் சொல்கிறோம் என்ற குறிப்பும் போய்விட்டது. இன்றும் ‘மைண்ட் யூ’, ‘பிலீவ் யூ மீ’ என்று சொல்கிறார்களே, அதிலெல்லாம் அந்தப் பழைய எழுவாய் வினைக்குப் பின்னால் மிச்சமிருக்கிறது. வாக்கியங்களைப் படமாக வரைந்து காட்டும் முறை ஒன்றும் உண்டு. 1877-இல் அமெரிக்காவில் ரீட், கெல்லாக் என்ற இருவர் பரப்பியது. அந்த வகைப் படங்களில் கட்டளை வந்தால், எழுவாய் இருக்க வேண்டிய கோட்டின்மேல் ‘யூ’வை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். இதை மட்டும் பள்ளியில் யாராவது வரைந்து காட்டியிருந்தால் ‘சிட்’ என்று பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்கா மகளுக்கு இதெல்லாம் பயன்பட்டது அயற்கூற்றில்தான். ‘வாஷ் யுவர்செல்வ்ஸ்’ என்று ஆசிரியை எங்களிடம் சொன்னார் என்பதை மாற்றச் சொன்னால், முதலில் ஒளிந்திருக்கும் ‘யூ’வைப் பென்சிலால் எழுதிவிடுவாள். அந்த ‘யூ’ யார்? நாங்கள். அப்படியானால் ‘ஷீ டோல்ட் அஸ் டு வாஷ் அவர்செல்வ்ஸ்’. ‘யூ’ போய் ‘அஸ்’ ஆனதும் ‘செல்ஃப்’ தானாகவே பின்னால் வந்துவிடுகிறது. ‘டோன்ட்’ இருந்தால் ‘நாட் டு’. சூத்திரம் மனப்பாடம் செய்த காலத்தில் பத்துக்கு நாலு தப்புச் செய்தவள், இப்போது ஆளைத் தேடிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறாள். செயப்பாட்டு வினைக்கு மாற்றச் சொல்லி ‘லெட் த டோர் பி ஓப்பண்ட்’ என்று எழுத வைக்கிறார்களே, அதைப் பரீட்சைக்கு மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அப்படிப் பேசும் மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சீட்டுகளிலும் பெட்டிகளிலும் இன்னொரு வேடிக்கை உண்டு. ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’, ‘ஸ்டோர் இன் எ கூல் ப்ளேஸ்’. எழுவாய் மட்டுமா இல்லை, செயப்படுபொருளும் இல்லை. எதைக் குலுக்க? கையில் இருக்கும் புட்டியை. கையில் இருப்பதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். இதில் நமக்குச் சிரமமே இல்லை, தமிழிலும் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று போட்டால் போதும்.

மஞ்சள் கோப்புக்கு வருகிறேன். ‘யார் யாரிடம்’ என்று புதிதாக ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் ‘திரை பயனரிடம்’ அல்லது ‘பயனர் திரையிடம்’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். இன்றும் புதிய கோப்பு வந்தால் முதலில் அந்த நெடுவரிசையைத்தான் நிரப்புகிறேன். அந்த மஞ்சள் கோப்புக்கு இந்த முறை ஐந்து நாள் ஆனது. திரும்பி வந்ததில் ஒரே ஒரு வரிதான் மஞ்சள். அதன் பக்கத்தில் சரிபார்த்தவர் எதுவும் எழுதாமல் ஒரு சிரிப்புக் குறி மட்டும் போட்டிருந்தார். ‘ஃபர்காட் பாஸ்வேர்ட்?’ என்ற வரி அது. கட்டளையென்றால் ‘ஃபர்கெட்’ என்று அடிவடிவம் அல்லவா இருக்க வேண்டும், ‘ஃபர்காட்’ என்று இறந்தகாலத்தில் இருக்கிறதே என்று பார்க்காமல், கேள்விக்குறியையும் பார்க்காமல், பழைய ‘-வும்’ வேகத்தில் முதல் தடவை எழுதியதை அப்படியே விட்டிருந்தேன். ‘கடவுச்சொல்லை மறக்கவும்.’